தில்லி–சென்னை: எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

தில்லியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். ஓரிடத்தில் 1,760 கிலோமீட்டர் என்று வரும். இன்னோர் இடத்தில் 2,180. மற்றொன்றில் 2,200-ஐத் தாண்டும். நேரமும் இப்படித்தான். சில தளங்கள் 2 மணி 10 நிமிடம் என்கின்றன. டிக்கெட்டில் 2 மணி 50 நிமிடம் என்று இருக்கிறது. விமானத்தில் ஏறி உட்கார்ந்ததும் விமானி, "பறக்கும் நேரம் 2 மணி 20 நிமிடம்" என்று அறிவிக்கிறார். இவற்றில் எதுவும் பொய் அல்ல. ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்கான விடை.

பொங்கலுக்கு ஊர் போக கரோல் பாக்கிலும் ஆர்.கே.புரத்திலும் மயூர் விஹாரிலும் டிக்கெட் தேடுகிற தமிழ்க் குடும்பங்களுக்கு இது வெறும் தகவல் குழப்பம் அல்ல. பணத்தையும் தொடுகிற விஷயம். 2020-இல் கொரோனா ஊரடங்குக்குப் பின் விமானங்கள் மீண்டும் பறந்தபோது, மத்திய அரசு பயண நேரத்தை அளவுகோலாக வைத்து டிக்கெட் விலைக்கு உச்சவரம்பு விதித்தது. 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகி விலை எகிறியபோது, தூரத்தை அளவுகோலாக வைத்து உச்சவரம்பு விதித்தது. விமானம் தாமதமானால் பயணிக்கு என்ன உரிமை என்பதும் இந்த எண்களில் ஒன்றைப் பொறுத்தே அமைகிறது. அது எந்த எண் என்று தெரிந்துகொள்ள, அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரே பயணம், மூன்று தூரங்கள்

1. ரயில் தூரம். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் புது தில்லியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு ஓடும் தூரம் சுமார் 2,180 கிலோமீட்டர். ஏறத்தாழ 33 மணி நேரம். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், நாக்பூர், வாரங்கல், விஜயவாடா என்று தண்டவாளம் வளைந்து வளைந்து வருகிறது. மலையைச் சுற்ற வேண்டும், ஆற்றைக் கடக்கத் தோதான இடம் வேண்டும், வழியில் பெரிய ஊர்களைத் தொட வேண்டும். சாலைத் தூரமும் இதே காரணங்களால் 2,200-ஐ ஒட்டி வருகிறது. எந்த வழியில் போகிறோம் என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும்.

2. வான்தூரம். பூமிப் பந்தின் மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் இது. தில்லி–சென்னைக்கு சுமார் 1,760 கிலோமீட்டர். விமானத் துறையில் இரண்டு ஊர்களுக்கு இடையிலான தூரம் என்று சொன்னால் இதைத்தான் குறிக்கும்.

3. பறந்த தூரம். அன்றைய தினம் அந்த விமானம் உண்மையில் கடந்த தூரம். இது எப்போதும் வான்தூரத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும். நாளுக்கு நாள் மாறும்.

இரண்டாவது எண்ணை ஒரு காகிதத்தில் நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தில்லி விமான நிலையம் 28.6 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது, சென்னை 13.0-இல். வித்தியாசம் 15.6 டிகிரி. அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது 111 கிலோமீட்டர். ஆக, வடக்கிலிருந்து தெற்காக 1,730 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் தில்லி 77.1, சென்னை 80.2. அதாவது சென்னை சுமார் 3.1 டிகிரி கிழக்கே தள்ளி இருக்கிறது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும் என்பதால், இந்த இரு ஊர்களுக்கும் நடுவிலான அட்சரேகையில் ஒரு டிகிரிக்கு 104 கிலோமீட்டர்தான். ஆக, கிழக்கே 320 கிலோமீட்டர். இனி பள்ளியில் படித்த செங்கோண முக்கோணம்தான்: 1,730-இன் வர்க்கத்தையும் 320-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 1,759.

இந்தக் கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. தமிழ்நாடு, தில்லிக்கு நேர் தெற்கில்தான் கிடக்கிறது. பெங்களூரும் கோவையும் ஏறக்குறைய தில்லியின் தீர்க்கரேகையிலேயே இருக்கின்றன. அதனால் தில்லி–பெங்களூரு வான்தூரம் 1,700 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; கோவை 1,950-ஐ ஒட்டி; மதுரை சுமார் 2,080. பயணம் வடக்கு தெற்காக அமைந்திருப்பது காற்றைப் பற்றிப் பேசும்போது முக்கியமாகும்.

முக்கோணக் கணக்கு உள்நாட்டுத் தூரங்களுக்குப் போதும். கண்டம் தாண்டும் பயணத்துக்குப் போதாது. பூமி உருண்டை என்பதால், மிகக் குறுகிய பாதை தட்டையான வரைபடத்தில் வில்லாக வளைந்து தெரியும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் சான் பிரான்சிஸ்கோ–பெங்களூரு நேரடி விமானம், பெண் விமானிகள் மட்டுமே ஓட்ட, வட துருவப் பகுதியின் மேல் பறந்து வந்தது. சுவரில் மாட்டிய வரைபடத்தைப் பார்த்தால் எங்கோ வடக்கே போய்த் திரும்புவது போல இருக்கும். ஒரு பந்தின் மேல் நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் அதுதான் நேர்வழி என்பது புரியும்.

டிக்கெட்டில் உள்ள நேரம் எதை அளக்கிறது?

1,760-ஐ மணிக்கு 800 கிலோமீட்டர் என்ற சராசரி வேகத்தால் வகுத்தால் 2 மணி 12 நிமிடம் வரும். இணையத்தில் காணும் 2 மணி 10 நிமிடம் இப்படிப் பிறந்ததுதான். அது கணக்கு மட்டுமே. எந்த விமானமும் அப்படிப் பறப்பதில்லை.

டிக்கெட்டில் அச்சாகும் நேரத்துக்குத் துறையில் பிளாக் நேரம் என்று பெயர். நிற்கும் விமானம் நகராமல் இருக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைப்பார்கள். புறப்படும் இடத்தில் அந்தக் கட்டையை எடுத்ததிலிருந்து, சேரும் இடத்தில் கட்டையை வைக்கும் வரை உள்ள நேரமே பிளாக் நேரம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தால் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒளிரும் மேலங்கி அணிந்த ஊழியர் குனிந்து, மஞ்சள் நிறக் கட்டையைக் கயிற்றைப் பிடித்து இழுத்து ஓரமாக வைப்பார். டிராக்டர் விமானத்தின் மூக்கைப் பிடித்துப் பின்னால் தள்ளத் தொடங்கும். நம் டிக்கெட்டின் கடிகாரம் அந்தக் கணத்தில் ஓடத் தொடங்குகிறது. விமானம் இன்னும் தரையில்தான் இருக்கிறது. அடுத்த கால் மணி நேரமும் தரையில்தான் இருக்கப் போகிறது.

தில்லி–சென்னைக்கு அந்த 2 மணி 50 நிமிடம் தோராயமாக இப்படிப் பிரியும்:

1. தில்லியில் பின்னால் தள்ளி, ஓடுதளம் வரை ஊர்ந்து, வரிசையில் நிற்பதற்கு 15 முதல் 20 நிமிடம்.

2. வானில் சுமார் 2 மணி 20 நிமிடம். ஏ320 வகை விமானம் 35,000 அடியில், அதாவது ஏறத்தாழ பத்தரை கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் பறக்கும். அந்த வேகத்திலேயே முழுத் தூரத்தையும் கடந்தால் 2 மணி 7 நிமிடம் போதும். ஆனால் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் கிடைக்காது. 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (knot) வேகத்துக்கு மேல், அதாவது மணிக்கு சுமார் 460 கிலோமீட்டருக்கு மேல், போகக் கூடாது என்பது பொது விதி. அங்கே பத்து நிமிடம் போகிறது. பாதை நேர்கோடாக இல்லாததால் இன்னும் சில நிமிடங்கள்.

3. சென்னையில் இறங்கி, நிற்கும் இடத்துக்கு வந்து சேர 5 முதல் 10 நிமிடம்.

4. மீதி சில நிமிடங்கள் இடைவெளி. விமான நிறுவனம் தனக்காக வைத்துக்கொள்வது.

இந்த நான்காவது பகுதியைப் பற்றிப் பயணிகளுக்கு அதிகம் தெரிவதில்லை. விமானம் அறிவித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் இயங்கினால் அது நேரத்துக்கு இயங்கியதாகவே கணக்கு. எந்த நிறுவனம் எத்தனை சதவீதம் நேரம் தவறாமல் ஓட்டியது என்று சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ. மாதந்தோறும் வெளியிடுகிறது. அந்தப் பட்டியலில் மேலே வர எந்த நிறுவனமும் விரும்பும். அட்டவணையில் பத்து நிமிடம் கூட்டிவைத்தால் அது எளிதாகும். ஆனால் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. ஒரு விமானம் ஒரு நாளில் ஓட்ட வேண்டிய நடைகளில் ஒன்று குறைந்துவிடும். இந்த இரண்டு கட்டாயங்களுக்கும் நடுவே பேரம் பேசி முடிவானதுதான் டிக்கெட்டில் நாம் பார்க்கும் எண். புறப்படும்போது 20 நிமிடம் தாமதமான விமானம் சென்னையில் சரியான நேரத்துக்கு வந்து நிற்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். விமானி விரட்டிக்கொண்டு வந்தார் என்று நினைக்கிறோம். வேகத்தைக் கூட்டிப் பிடிக்கக்கூடியது சில நிமிடங்கள் மட்டுமே. மற்றது முன்பே வைத்திருந்த இடைவெளி.

காற்று எடுப்பதும் கொடுப்பதும்

ஒரே தூரத்துக்கு, போகும்போது ஒரு நேரமும் வரும்போது வேறு நேரமும் ஆவது ஏன்? விமானம் காற்றுக்குள் பறக்கிறது. அந்தக் காற்று முழுவதுமே ஒரு திசையில் நகர்ந்துகொண்டிருந்தால், விமானமும் அதோடு சேர்ந்து நகரும். ஆற்றில் போகும் படகு போலத்தான்.

குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேல், விமானங்கள் பறக்கும் உயரத்திலும் அதற்குச் சற்று மேலும், மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. அதன் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டரைத் தாராளமாகத் தாண்டும். தில்லி–கொல்கத்தா பயணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வான்தூரம் சுமார் 1,310 கிலோமீட்டர். திசை பெரிதும் கிழக்கு. உச்ச உயரத்தில் 1,000 கிலோமீட்டர் பறப்பதாக வைத்துக்கொள்வோம். காற்று பின்னாலிருந்து 150 கிலோமீட்டர் வேகத்தில் தள்ளினால், தரையைப் பொறுத்த வேகம் 980 ஆகிறது. 61 நிமிடத்தில் முடிந்துவிடும். திரும்பி வரும்போது அதே காற்று எதிரே வீசும். தரை வேகம் 680 ஆகக் குறைகிறது. 88 நிமிடம் ஆகும். எஞ்சின் இரண்டு தடவையும் ஒரே மாதிரிதான் உழைக்கிறது. இருக்கைக்கு முன் திரை உள்ள விமானமாக இருந்தால், தரை வேகம் என்று காட்டும் எண்ணில் இந்த வித்தியாசம் அப்படியே தெரியும்.

போகும்போது கிடைத்த லாபமும் வரும்போது ஏற்பட்ட நஷ்டமும் சரிக்குச் சரி ஆகிவிடும் என்று தோன்றும். ஆகாது. காற்றே இல்லாவிட்டால் போய்வர 145 நிமிடம் ஆகியிருக்கும். காற்று இருந்ததால் 149 நிமிடம் ஆகிறது. எதிர்க்காற்றில் அதிக நேரம் செலவிடுகிறோம். அதனால் அது எடுத்துக்கொள்வதும் அதிகம்.

இப்போது தில்லி–சென்னைக்கு வருவோம். இந்தப் பாதை வடக்கு தெற்கு. மேற்கிலிருந்து வரும் காற்று விமானத்தின் பக்கவாட்டில் படும். விமானி மூக்கைக் காற்றின் பக்கம் கொஞ்சம் திருப்பிவைத்து, கோட்டை விட்டு விலகாமல் பறப்பார். 150 கிலோமீட்டர் பக்கக்காற்று முழுமையாக வீசினாலும் தரை வேகம் 830-இலிருந்து 816 ஆக மட்டுமே குறையும். அதனால்தான் கொல்கத்தாப் பயணிக்குக் கிடைக்கும் இருபது, இருபத்தைந்து நிமிட வித்தியாசம் சென்னைப் பயணிக்குக் கிடைப்பதில்லை. சென்னை சற்றே கிழக்கே இருப்பதால் குளிர்காலத்தில் போகும்போது சில நிமிடங்கள் மிச்சமாகும், அவ்வளவே.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கதை மாறுகிறது. வடக்கே ஓடிய காற்றாறு இமயமலைக்கு அப்பால் விலகிவிடும். தென்னிந்தியாவின் மேல், மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக வேறொரு காற்றாறு உருவாகும். இந்தக் கிழக்குக் காற்றாற்றை 1950-களில் ஆராய்ந்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் பி. கோட்டீஸ்வரம், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பொறுப்பு வகித்தவர். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் தில்லி–சென்னைப் பயணத்தை நீட்டுவது பெரும்பாலும் காற்று அல்ல. வழியில் மத்திய இந்தியாவின் மேல் எழும் இடிமேகங்கள். அவற்றைச் சுற்றித்தான் போக வேண்டும்.

இரண்டு ஊர்களின் தரை

ஒன்றேமுக்கால் ஆயிரம் கிலோமீட்டர் பயணத்தில் அதிகம் மாறுவது நடுவானத்து நேரம் அல்ல. முதல் பத்துக் கிலோமீட்டரும் கடைசி ஐம்பது கிலோமீட்டரும்தான். தில்லிக்காரர்கள் இதை நன்கு உணர்ந்திருப்பார்கள்.

தில்லி விமான நிலையத்தில் நான்கு ஓடுதளங்கள் உள்ளன. நான்காவது 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. அதோடு சேர்த்து, விமானங்கள் சாலைக்கு மேலே பாலத்தில் ஊர்ந்து போகும்படியான 2.1 கிலோமீட்டர் பாதையும் திறக்கப்பட்டது. அதற்கு முன், மூன்றாவது ஓடுதளத்தில் இறங்கிய விமானம் டெர்மினல் 1-க்கு வந்து சேர சுமார் 9 கிலோமீட்டர் ஊர வேண்டியிருந்தது. புதிய பாதையில் அது சுமார் 2 கிலோமீட்டர் ஆனது. இறங்கிவிட்டோம் என்று பெல்ட்டை அவிழ்க்கத் துடிக்கும் நேரத்தில் விமானம் இன்னும் ஊர்ந்துகொண்டே இருப்பதன் கணக்கு இதுதான்.

ஓடுதளம் எத்தனை என்பதைப் போலவே காற்று எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். விமானம் காற்றை எதிர்த்தே ஏறும், எதிர்த்தே இறங்கும். தில்லியில் பெரும்பாலும் மேற்குக் காற்று; ஏற்பாடுகளும் அதற்கேற்பப் பழகியிருக்கின்றன. 2025 ஏப்ரலில் ஓர் ஓடுதளத்தை மேம்பாட்டுப் பணிக்காக மூடியிருந்த சமயத்தில் கிழக்குக் காற்று வீசியது. ஒரு மணி நேரத்தில் இறங்கக்கூடிய விமானங்களின் எண்ணிக்கை குறைந்து, தாமதம் நாள்கணக்கில் நீண்டது. பிறகு பணியை நிறுத்தி ஓடுதளத்தைத் தற்காலிகமாகத் திறக்க வேண்டியதாயிற்று. இறங்க இடம் கிடைக்காத விமானம் வானில் நீள்வட்டமாகச் சுற்றும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 4 நிமிடம். நான்கு சுற்று சுற்றினால் கால் மணி நேரம் போய்விட்டது. ஊர்களுக்கு இடையிலான தூரமோ ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. தில்லியில் கேட்-3பி (CAT-IIIB) எனப்படும், கருவியின் துணையோடு இறங்கும் வசதி இருக்கிறது. ஓடுதளத்தில் 50 மீட்டர் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தாலும், தகுந்த கருவியுள்ள விமானத்தில் பயிற்சி பெற்ற விமானி இறங்கலாம். ஆனால் புறப்படுவதற்கு 125 மீட்டராவது தெரிய வேண்டும். இது பலருக்கும் தலைகீழாகத் தோன்றும். இறங்கும் விமானத்தைக் கருவி வழிநடத்துகிறது. புறப்படும் விமானத்தையோ விமானி ஓடுதளத்தின் நடுக்கோட்டைக் கண்ணால் பார்த்தே ஓட்டுகிறார். பாதி ஓட்டத்தில் ஏதேனும் கோளாறு என்றால் நிறுத்தவும் அந்தப் பார்வை வேண்டும். அதனால் சில காலை வேளைகளில் விமானங்கள் இறங்கிக்கொண்டே இருக்கும்; எதுவும் கிளம்பாது. நிற்க இடமில்லாமல், பின்னால் வருபவை ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ திருப்பிவிடப்படும்.

மீனம்பாக்கத்தில் பளீரென்று வெயில் அடிக்கும் மாலையில், தில்லி விமானம் ஏன் மூன்று மணி நேரம் தாமதம் என்று கேட்கிறவருக்கு விடை இங்கே இருக்கிறது. ஒரே விமானம் ஒரு நாளில் நான்கைந்து ஊர்களுக்குப் போய்வருகிறது. காலையில் தில்லியில் மூடுபனியில் சிக்கிய விமானம்தான் மாலையில் சென்னைக்கு வந்து சேர வேண்டியது.

சென்னையின் சிக்கல் வேறு வகை. முதன்மை ஓடுதளத்தின் ஒரு முனைக்கு 07 என்றும் மறுமுனைக்கு 25 என்றும் பெயர். அந்தப் பெயரே திசை: 70 டிகிரி, 250 டிகிரி. மேற்குக் காற்று வீசும்போது, வடக்கிலிருந்து வரும் தில்லி விமானம் கடலுக்கு மேல் போய்த் திரும்பி, கிண்டிப் பக்கமாக இறங்கும். கிழக்குக் காற்று என்றால் ஊருக்கு மேற்கே சுற்றி வந்து இறங்கும். கோடையில் காலையில் மேற்குக் காற்றாக இருந்து, பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் திசை மாறும். வரிசையில் இருந்த விமானங்கள் அனைத்தையும் மறுபக்கம் திருப்பி அடுக்க வேண்டும். கடற்கரையில் உட்கார்ந்திருப்பவருக்கு இதமாகத் தோன்றும் காற்று, மேலே வரிசையில் இருப்பவர்களுக்குப் பத்து நிமிடத்தைக் கூட்டிவிடும்.

வழி மூடினால்

நீண்ட பயணத்தில் தரையைவிட அரசியலே நேரத்தைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு நாட்டுக்கும் தன் தலைக்கு மேல் உள்ள வான்வெளி சொந்தம், மூடலாம்.

தில்லி–லண்டன் வான்தூரம் சுமார் 6,730 கிலோமீட்டர். அந்தக் கோடு தில்லியிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்திலேயே பாகிஸ்தானுக்குள் நுழைகிறது. 2019 பிப்ரவரியில் பாலாகோட் தாக்குதலுக்குப் பின் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது; ஜூலை 16-இல் திறந்தது. அந்தக் காலத்தில் ஏர் இந்தியாவுக்கு மட்டும் ஏற்பட்ட இழப்பு, ஜூலை 2 வரை 491 கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. இண்டிகோவின் தில்லி–இஸ்தான்புல் விமானம் எரிபொருள் நிரப்ப தோஹாவில் இறங்கிச் செல்ல வேண்டியிருந்தது. பஹல்காம் தாக்குதலைத் தொடர்ந்து 2025 ஏப்ரல் 24-இல் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மீண்டும் வான்வெளியை மூடியது. ஏப்ரல் 30-இல் இந்தியாவும் அவ்வாறே செய்தது. தில்லியிலிருந்து தாஷ்கண்டுக்கும் அல்மாட்டிக்கும் போய்வந்த இண்டிகோ விமானங்கள் நிறுத்தப்பட்டன. அந்த ஊர்கள் எங்கும் நகர்ந்துவிடவில்லை. சுற்றுவழியின் நீளம்தான் அந்தச் சிறிய விமானங்களின் எட்டும் தூரத்தைத் தாண்டிவிட்டது.

சுற்றுவழி எவ்வளவு கூடுதல்? தில்லியிலிருந்து தென்மேற்கே குஜராத் கடற்கரைக்கு வந்து, அரபிக் கடலின் மேல் ஓமான் வளைகுடாவை எட்டி, அங்கிருந்து லண்டனுக்குக் கோடு போட்டு அளந்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கூடுகிறது. அதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல். சென்னையிலிருந்து லண்டனுக்கு இந்தச் சுமை மிகக் குறைவு. அங்கிருந்து வடமேற்கே கிளம்பும் விமானம் எப்படியும் மேற்குக் கடற்கரையைக் கடந்துதான் போகிறது. கோட்டைக் கொஞ்சம் மேற்கே தள்ளினால் போதும். தில்லியில் இருப்பவர்களுக்கு வாசலே அடைபட்டது போன்ற நிலை.

பன்னாட்டுப் பயணத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. டிக்கெட்டில் புறப்படும் நேரம் இந்திய நேரம். சேரும் நேரம் அந்த ஊர் நேரம். இரண்டையும் கழித்துப் பயண நேரம் என்று எண்ணிவிடக் கூடாது.

இந்த எண்கள் பணமாகும் இடம்

2020 மே மாதம் விதிக்கப்பட்ட உச்சவரம்பு பயண நேரத்தை ஏழு பிரிவுகளாகப் பிரித்தது. தில்லி–மும்பை 90 முதல் 120 நிமிடப் பிரிவில் வந்தது. அதிகபட்சம் 10,000 ரூபாய். தில்லி–சென்னை 150 முதல் 180 நிமிடப் பிரிவு; அதிகபட்சம் 15,700 ரூபாய். இந்த ஏற்பாடு 2022 ஆகஸ்ட் இறுதியில் விலக்கப்பட்டது.

2025 டிசம்பரில் தூரமே அளவுகோல் ஆனது. 500 கிலோமீட்டர் வரை 7,500 ரூபாய். 1,000 வரை 12,000. 1,500 வரை 15,000. அதற்கு மேல் 18,000. வரியும் விமான நிலையக் கட்டணமும் தனி. இங்கே தூரம் என்பதற்கு வான்தூரம் என்றே பொருள் கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கணக்கே மாறிவிடும். தில்லியிலிருந்து ஹைதராபாத் வான்வழியில் சுமார் 1,260 கிலோமீட்டர். ரயில் வழியில் 1,600-ஐத் தாண்டும். ஒன்றில் உச்சவரம்பு 15,000, மற்றதில் 18,000. ரயில் தூரத்தை மனத்தில் வைத்து "நியாயமான விலைதான்" என்று கட்டியவர் 3,000 ரூபாய் ஏமாந்திருப்பார். கோவா இன்னும் நுணுக்கமான உதாரணம். பழைய டாபோலிம் நிலையம் தில்லியிலிருந்து ஏறக்குறைய சரியாக 1,500 கிலோமீட்டரில் இருக்கிறது. 2023 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய மோபா நிலையம் வடக்கே இருப்பதால் அதைவிட சுமார் 40 கிலோமீட்டர் குறைவு.

உச்சவரம்புகள் வரும், போகும். எப்போதும் நடைமுறையில் இருப்பது டி.ஜி.சி.ஏ.வின் பயணிகள் உரிமை விதி. அது பிளாக் நேரத்தை அடிப்படையாகக் கொண்டது.

1. தாமதம். குறித்த நேரத்துக்குள் செக்-இன் செய்த பயணிக்கு, பிளாக் நேரம் இரண்டரை மணி வரை உள்ள பயணத்தில் 2 மணி நேரத் தாமதம் என்றாலே விமான நிறுவனம் உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். இரண்டரை மணிக்கு மேல் 5 மணி வரை என்றால், தாமதம் 3 மணி நேரம் ஆக வேண்டும். உள்நாட்டு விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்கலாம்.

2. ரத்து. முன்கூட்டித் தெரிவிக்காமல் ரத்து செய்தால் இழப்பீடு உண்டு. பிளாக் நேரம் ஒரு மணி வரை 5,000 ரூபாய், இரண்டு மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000. அல்லது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை. இரண்டில் எது குறைவோ அது. மூடுபனி, வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு போன்று நிறுவனத்தின் கையில் இல்லாத காரணங்களுக்கு இழப்பீடு கிடையாது.

இந்த விதியில் ஒரு குறை இருப்பதாக நினைக்கிறேன். பிளாக் நேரத்தை எழுதுவது விமான நிறுவனமே. தில்லி–கோவா போன்ற பாதைகள் இரண்டரை மணி எல்லையை ஒட்டியே ஓடுகின்றன. அட்டவணையில் ஐந்து நிமிடம் கூட்டினால், பயணி ஒரு மணி நேரம் கூடுதலாகப் பசியோடு காத்திருக்க வேண்டிய பிரிவுக்குப் போய்விடுகிறார். யாரும் வேண்டுமென்றே இப்படிச் செய்கிறார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் உரிமையை அளக்கும் கோல், அளக்கப்படுபவரின் கையிலேயே இருப்பது சரியல்ல. வான்தூரத்தை அளவுகோலாக வைத்தால் அது யாராலும் மாற்ற முடியாத எண். காகிதத்தில் பயணியே சரிபார்த்துக்கொள்ளக்கூடிய எண்.

அதுவரை நடைமுறை இதுதான். தில்லியிலிருந்து மும்பை, ஹைதராபாத் பயணங்கள் பொதுவாக இரண்டரை மணிக்குள் அடங்கும். அங்கே 2 மணி நேரத் தாமதத்திலேயே உணவு கேட்கலாம். சென்னை, பெங்களூரு, கோவை, மதுரை எல்லாம் இரண்டரை மணிக்கு மேல். 3 மணி நேரத் தாமதம் ஆக வேண்டும். கவுன்ட்டரில் கேட்கும்போது கிலோமீட்டரைச் சொல்லாமல், டிக்கெட்டில் அச்சான புறப்பாட்டு நேரத்தையும் சேரும் நேரத்தையும் காட்டுங்கள்.